மூன்று நிமிடமும் நாய்க்கடி ஊசியும்

1

போன செவ்வாய்க்கிழமை காலை என் மகள் ஸாஜிதா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மதியம் மறுபடி பேச ஆரம்பித்தாள். நான் கோழிக் குருமா வைத்திருந்ததுதான் காரணம், மனமாற்றம் ஒன்றும் இல்லை. இடைப்பட்ட நேரத்தில் அவள் என்மேல் சாட்டிய குற்றம் ஒன்றே ஒன்று. கனடாவில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வாழ்ந்த பிறகும், தொலைபேசியில் ஒரு மனுஷியிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லையாம்.

நடந்தது இதுதான். நாங்கள் இருக்கும் சின்ன ஊரின் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். வீட்டிலிருந்து பத்து நிமிடம். அந்தப் பிரிவை மூடிவிட்டு எல்லோரையும் பெருநகரத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அது போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, பனி கொட்டினால் ஆண்டவன் விட்ட வழி. உடனே ஸாஜிதா ஊரைக் கூட்டினாள். எல்லோரும் நம் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. எனக்கு மட்டும் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள். பெயர், அஞ்சல் எண், விஷயம், நன்றி. சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூட நாடகத்துக்கு நான் தயார் செய்த மாதிரி என்னை இரண்டு தரம் ஒத்திகை பார்த்தாள்.

போன் போட்டேன். முதல் மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். தேன் ஒழுகும் குரல்.

“காலை வணக்கம், இன்று எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள் ஆங்கிலத்தில்.

“அது கிடக்கட்டும். பேனா இருக்கிறதா? எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன்.

எழுதிக்கொண்டாள். பாவம், இடையில் ஒருமுறை எங்கள் ஊரில் பனி எப்படி என்று கேட்டாள். “பனியைப் பற்றி அப்புறம் பேசலாம். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்” என்றேன். படித்தாள். டயாலிசிஸ் என்ற சொல் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெருமையோடு திரும்பிப் பார்த்தால் ஸாஜிதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“அம்மா, அந்த கேர்ள் எவ்ளோ நைஸா கேட்டா. நீங்க போலீஸ் மாதிரி பேசறீங்க.”

நான் மரியாதை தெரியாதவள் இல்லை. தபால்காரர் வீட்டுப் பூனையைக்கூட விசாரிக்கிறவள். ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொலைபேசியில் யாராவது என் நலத்தை விசாரித்தால் எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. ஸாஜிதாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். “லாங் ஸ்டோரியா?” என்று கேட்டுவிட்டுக் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு நேரம் இருக்கும்.

2

எழுபதுகளின் முன்பாதியில் நான் செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது நேரே பேசிவிட முடியாது. எங்களிடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். நான் சீட்டில் குறித்துக்கொண்டு, லைன் கிடைக்கும்போது இந்தப் பக்கம் ஒரு ஒயர், அந்தப் பக்கம் ஒரு ஒயர் என்று பலகையில் சொருகி, “பேசுங்க” என்பேன். மூன்று நிமிடம். அது முடிந்ததும் குறுக்கே நுழைந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். அடுத்தவர் பேச்சுக்கு நடுவே ஆபரேட்டர் பேசுவதற்குச் சர்க்கார் அனுமதித்த வாக்கியம் அது ஒன்றுதான்.

கேட்கவும் கூடாது என்று விதி. ஆனால் லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காது கொடுக்கலாம். நாங்கள் மிகவும் பொறுப்பானவர்கள், லைன் சரியாக இருக்கிறதா என்று கடைசிவரை பார்ப்போம். செங்கல்பட்டு ஜில்லாவில் யார் வீட்டில் பெண் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றார்கள், எந்த அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகப் போகிறார்கள், எல்லாம் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். வாயை மட்டும் திறக்க மாட்டோம். திறந்தால் மெமோ. எங்கள் முதுகுக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் சூப்பர்வைசர் சரோஜாம்மா உட்கார்ந்திருப்பார். அவர் யாரையும் திட்ட மாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்கே நாங்கள் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் வேலைக்குப் போவது அதுதான் முதல் தடவை. அதற்கு அத்தாவை, அதாவது என் அப்பாவை, சம்மதிக்க வைத்தவர் என் அம்மாவின் அண்ணன், காதர் மாமு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்துக் கிராமம் ஒன்றில் மாமு கயிறும் வலை நூலும் விற்றுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்குக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அத்தாவின் உடம்பு, அம்மாவின் உடம்பு, பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய ஆடு, ஆட்டின் குட்டி என்று ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போனார். சாப்பாடு ஆயிற்று. சாயங்காலத்து அஸர் தொழுகை ஆயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “அப்பறம் மச்சான், பொண்ணு வேலைக்குப் போவட்டுமே” என்றார். பேசிப் பேசிக் களைத்துப் போயிருந்த அத்தா சரி என்று சொல்லிவிட்டார்.

ஆக மாமுவின் மரியாதையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. முழுக்கக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

3

ஒரு வருஷம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், மாமுவின் ஊருக்குள் ஒரு வெறிநாய் புகுந்தது. ஊரார் அடித்துக் கொல்வதற்குள் இரண்டு பேரைக் கடித்துவிட்டது. ஒருத்தி கன்னியம்மா. மீன் கூடையோடு கிளம்பியவளின் கெண்டைக்காலில் கடி. இன்னொருவன் முருகேசன். சவுக்குத் தோப்பில் மரம் வெட்ட அச்சரப்பாக்கத்துப் பக்கமிருந்து வந்தவன். மரத்தடியில் படுத்திருந்தவனுக்குக் கன்னத்தில் கடி.

அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. நாய் கடித்ததைவிட அதுதான் வலி என்பார்கள். ஊசி செங்கல்பட்டில் மட்டும் கிடைக்கும். மாமல்லபுரம் வரை நடை, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ், ஆஸ்பத்திரியில் வரிசை, ஊசி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்ப பஸ். வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். மீன் காலையில் விற்கிற சரக்கு, சாயங்காலம்வரை காத்திருக்காது.

முருகேசன் நாலாவது ஊசியோடு, காயம் ஆறிவிட்டது என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டான். கன்னியம்மா ஆறு ஊசி தாக்குப்பிடித்தாள். ஏழாவது நாள் பஸ் ஏறவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாமு அவளை வழியில் மறித்தார். முறைப்படி அவளுடைய பிள்ளைகளின் நலத்தை விசாரித்துவிட்டு, “இன்னும் எட்டு ஊசிதான் கன்னியம்மா” என்றார்.

“இன்னா பாய் நீ, எட்டு ஊசிதான்னு சொல்லிகினு. எட்டு நாளு என் கூடைய நீ தூக்குவியா? புள்ளைங்களுக்கு நாஸ்தா யாரு குடுப்பாங்க, அந்த நாயா?”

அவள் கேட்டதில் தப்பே இல்லை. மாமு உள்ளூர் சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே டாக்டர் வாரத்தில் இரண்டு நாள், கம்பவுண்டர் எல்லா நாளும். கம்பவுண்டர் கையை விரித்தார். “மண்ணெண்ணெயில ஓடுற ஃப்ரிட்ஜ் கீது. ஊசிக்குழல் கீது. போட எனுக்குக் கையும் கீது. மருந்து மட்டும் மேல உத்தரவு இல்லாம வராது. எம்.எல்.ஏ. ஒரு வார்த்த சொன்னாருன்னா மறுநாளே வந்துடும் பாய்.”

மாமுவின் முகம் மலர்ந்தது. எம்.எல்.ஏ. அவருக்குத் தெரிந்தவர். மூத்த மகளின் நிக்காஹுக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

4

சட்டசபை நடந்துகொண்டிருந்ததால் எம்.எல்.ஏ. மெட்ராஸில் விடுதியில் இருந்தார். காலை ஏழு மணிக்குத்தான் பிடிக்க முடியும். மாமு மாமல்லபுரம் தபாலாபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டார். அந்த மாதம் எனக்குக் காலை ஷிப்ட், பதிவு செய்யும்போதே நாய்க்கடி விஷயத்தை என்னிடம் சொல்லிவிட்டார். நானே ஒயரைச் சொருகி, “பேசுங்க” என்றேன். பிறகு லைன் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

“வணக்கம் அண்ணாத்த. காதர் பேசறேன், கயித்துக் கடை காதர். நல்லா கீறீங்களா?”

“யாரு, பாயா? நல்லா கீறேன். நீங்க எப்டி கீறீங்க? வூட்ல எப்டி கீறாங்க?”

வீட்டில் மாமிக்கு மூட்டுவலி. எம்.எல்.ஏ.வின் அம்மாவுக்கும் மூட்டுவலி. என்ன எண்ணெய் தடவுவது என்பதில் ஒரு நிமிடம் போயிற்று. அந்தப் பக்கம் மழை உண்டா என்று எம்.எல்.ஏ. கேட்டார். மாமு மேகத்தைப் பற்றிச் சொன்னார். மருமகன் எப்படி, கடல் எப்படி, ஏரியில் தண்ணீர் எப்படி. என் கடிகாரத்தில் முள் சுற்றிக்கொண்டே இருந்தது.

“மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கட்டுமா?”

“போதும்மா. அண்ணாத்தகிட்ட நல்லா பேசியாச்சு” என்றார் மாமு.

எம்.எல்.ஏ. லைனை எடுத்துவிட்டு மாமுவிடம் மட்டும் கேட்டேன். “மாமு, நாய் விஷயம்?”

“எடுத்த எடுப்புல நாய்க்கடின்னு சொன்னா நல்லாவா இருக்கும் மெஹரு? காரியத்துக்கு மட்டும் கூப்புடறான்னு நெனைக்கமாட்டாரா? நாளைக்கிச் சொல்லிக்கலாம்.”

மறுநாளும் ஏழு மணி. மூட்டுவலிக்குத் தடவிய எண்ணெய் கேட்டதா என்பதிலிருந்து ஆரம்பமாயிற்று. இரண்டாவது நிமிடத்தில் மாமு தொண்டையைக் கனைத்தார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

“அண்ணாத்த, ஒரு விஷயம்...”

“தெரியும் பாய். வூட்ல விசேஷம், நான் வரணும், அதானே? இன்னா விசேஷம்னுகூட கேக்கமாட்டேன். தேதிய மட்டும் சொல்லுங்க. வந்துகினே இருப்பேன்.”

ஒரு பெரிய மனிதர் ஆசையாக ஒன்றை ஊகித்துச் சொல்லும்போது, இல்லை என்று சொல்லி அவர் முகத்தை வாட வைக்க மாமுவால் ஆகாது. முகம் டெலிபோனில் தெரியாது என்பது வேறு விஷயம்.

“அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, அண்ணாத்த” என்றார்.

“குறிச்சிகினேன் பாய்” என்று எம்.எல்.ஏ. வைத்துவிட்டார்.

ஊசி கேட்கப் போனவர், இல்லாத விசேஷத்துக்கு எம்.எல்.ஏ.வை அழைத்துவிட்டு வீடு திரும்பினார். எம்.எல்.ஏ. வந்தால் பந்தல் வேண்டும், மாலை வேண்டும், சோறு வேண்டும். மாமி அடுப்பங்கரையிலிருந்தே கேட்டாராம். “வந்து உக்காந்து இன்னா விசேஷம்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? செத்த நாய்க்கு நாப்பதாம் நாளுன்னா?”

கன்னியம்மா அந்த வாரம் முழுக்க மீன் விற்றாள். வயிறு இப்போது வலிக்கவில்லை, ஜோராக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

5

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது தபால் வந்தது. எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம். இந்த ஊர் எம்.எல்.ஏ.வைத்தான் சொல்கிறேன். வழவழப்பான தாள், மேலே படம், கீழே கையெழுத்து. நான் தொடர்பு கொண்டதற்கு நன்றி. என் கருத்து அவருக்கு மிக முக்கியம். என் குடும்பத்தாரின் நலத்தில் அவருக்கு அக்கறை உண்டு. குளிர்காலத்தை நாங்கள் பத்திரமாகக் கழிக்க வேண்டும்.

ஸாஜிதா அதை மேஜைமேல் வைத்து, “ஸீ, எவ்ளோ நைஸ்” என்றாள். “நீங்க அவங்ககிட்ட சண்ட போட்டும் லெட்டர் வந்திருச்சு.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் படித்தேன். டயாலிசிஸ் என்ற சொல்லை எங்கேயும் காணவில்லை. ஸாஜிதாவிடம் கொடுத்துத் தேடச் சொன்னேன். அவளும் தேடினாள். பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். வாரத்தில் மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷினோடு உட்கார்ந்து பழகியதில் இன்னும் குறைத்துக்கொண்டுவிட்டார். கடிதத்தை வாங்கிப் பார்த்து, “நல்ல தாள்” என்றார். அவ்வளவுதான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு, இனிமையாகப் பேசுகிறவர்கள் காரியத்தையும் செய்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரும்பாலும் செய்தும்விடுகிறார்கள், அதை மறுக்க மாட்டேன். அதனால்தான் என் மகளோடு நான் அதிகம் வாதாடுவதில்லை. என் மகள் நல்லவள். என் தமிழ் அவளுக்குப் பாதி புரிகிறது, மீதிப் பாதியை என் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறாள். போனில் பேசும்போது அந்த மீதிப் பாதி அவளுக்குக் கிடையாது. அதை நினைத்தால் சில நாள் எனக்குத் துக்கமாக இருக்கும். சரி, கதைக்கு வருகிறேன்.

6

இரண்டாவது டிரங்க் காலுக்கு ஒரு வாரம் கழித்து அச்சரப்பாக்கத்திலிருந்து தகவல் வந்தது. முருகேசன் செத்துவிட்டான். தண்ணீர்க் குவளையைக் கிட்டே கொண்டுபோனாலே தொண்டை இழுத்துக்கொண்டதாம். இரண்டே நாள்.

மாமுவின் ஊரில் அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே நாய், ஒரே காலை, இரண்டு பேர். கன்னியம்மா மட்டும் வழக்கம்போலக் கூடையோடு போனாள். ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கக் குடித்தாள் என்று மாமி சொன்னார். குடிக்க முடிகிறதா என்று தனக்குத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. மீனைவிடத் தண்ணீர்தான் அன்று அதிகம் போயிற்றாம். அப்போதும் பஸ் ஏற மாட்டேன் என்றாள். இனிமேல் போனால் முதலிலிருந்து பதினாலு என்று சொல்லிவிடுவார்கள், புள்ளைங்களை யார் பார்ப்பது என்று கேட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணி. நான்தான் ஒயரைச் சொருகினேன். இன்றைக்காவது மாமு நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார் என்று நம்பினேன்.

“வணக்கம் அண்ணாத்த. நல்லா கீறீங்களா?”

அவர் குரல் உடைந்திருந்தது. ஆனால் வாய் பழகிய தடத்திலேயே போயிற்று.

“நல்லா கீறேன் பாய். இன்னா, கொரல் ஒரு மாதிரி கீது? ஜலதோஷமா? எங்க அம்மா ஒரு கஷாயம் போடுவாங்க பாரு...”

“அம்மா நல்லா கீறாங்களா அண்ணாத்த?”

கஷாயத்துக்கு இஞ்சி, மிளகு, பனங்கற்கண்டு. ஒரு நிமிடம். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும், ரோடு நன்றாக இருக்கிறதா. இரண்டு நிமிடம். மாமு ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் மூச்சை இழுத்தார். அந்த மூச்சில் முருகேசன் இருந்தான், கன்னியம்மா இருந்தாள், வாய்க்குத்தான் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. மாமுமேல், எம்.எல்.ஏ.மேல், இஞ்சிமேல்.

பலகையில் ஆபரேட்டர் பேசுவதற்கென்று இருக்கும் சாவியைக் கீழே தள்ளினேன்.

“சார், குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். லைன்ல இருக்கறவர் சொல்ல வந்தது இது. அவங்க ஊர்ல வெறிநாய் ரெண்டு பேரைக் கடிச்சுது. ஊசி செங்கல்பட்டுல மட்டும்தான் இருக்கு. தினம் வர முடியாம ரெண்டு பேரும் பாதியில விட்டுட்டாங்க. ஒருத்தர் செத்துட்டார். இன்னொரு அம்மா உயிரோட இருக்காங்க. ஊசி அவங்க ஊருக்கே வரணும். நீங்க சொன்னா வரும்.”

மெட்ராஸில் ஏதோ ஒரு சைக்கிள் மணி அடிப்பது கேட்டது.

“யாரும்மா பேசறது?”

“செங்கல்பட்டு எக்ஸ்சேஞ்ச் சார். மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கட்டுமா?”

“நீட்டும்மா” என்றார் எம்.எல்.ஏ.

அடுத்த மூன்று நிமிடத்தில் மாமு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அப்போது கேட்கவில்லை. என் பலகையின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. சரோஜாம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பேசினியா?”

“பேசினேன்மா.”

மெமோ மத்தியானமே வந்துவிட்டது. சந்தாதாரர்களின் உரையாடலில் குறுக்கிட்டது ஏன் என்று எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். பெயரில் ஒரு எழுத்து விடாமல் தட்டச்சு செய்திருந்தார்கள். அதை என் கையில் கொடுத்துக்கொண்டே சரோஜாம்மா தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அந்த அம்மாவுக்கு ஊசி வருமா?”

7

ஊசி புதன்கிழமை ஜீப்பில் வந்தது. ஐஸ் போட்ட பெட்டியில் வந்த மருந்தைக் கம்பவுண்டர் ஃப்ரிட்ஜில் வைத்தார். கூடவே வந்த குமாஸ்தா ஒரு சிவப்பு ரிப்பனை எடுத்து ஃப்ரிட்ஜைச் சுற்றிக் கட்டி, பூ முடிச்சுப் போட்டார். எம்.எல்.ஏ. வெள்ளிக்கிழமை வந்து வெட்டித் திறந்து வைப்பார், அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமுவின் பெயரில்லாத விசேஷத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மாமிக்கே அதில் கொஞ்சம் நிம்மதி.

கன்னியம்மா சாயங்காலம் மீன் விற்று முடித்துவிட்டு வந்தாள். கம்பவுண்டர் ரிப்பனைக் காட்டினார்.

“இன்னாது இது?”

“திறப்பு விழா கன்னியம்மா. வெள்ளிக்கெழம காத்தால வா.”

“வெள்ளிக்கெழம நான் கொலச்சிகினு இருந்தா?”

கூடைக்குள் கையை விட்டாள். மீன் நறுக்கும் கத்தியை எடுத்து, ஒரே இழுப்பில் ரிப்பனை அறுத்தாள். பிறகு பெஞ்சியில் மல்லாந்து படுத்து, “ஒண்ணு போடு” என்றாள். அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. முதலிலிருந்து பதினாலு.

கம்பவுண்டர் ஊசியைப் போட்டுவிட்டு, ரிப்பனை மறுபடி முடிந்து வைத்தார். வியாழக்கிழமையும் முடிச்சை அவிழ்த்து, ஊசி போட்டு, முடிந்தார். வெள்ளிக்கிழமை அந்த ரிப்பனில் பூவைவிட முடிச்சு அதிகமாக இருந்தது. மீன் வாடையும் அடித்தது.

அன்றைக்கு எனக்கு லீவு. காலை பஸ்ஸில் கிளம்பி மாமு ஊருக்குப் போயிருந்தேன். கைப்பையில் மெமோ இருந்தது, பதில் இன்னும் எழுதவில்லை. பந்தலில் எம்.எல்.ஏ. மாலையோடு உட்கார்ந்திருந்தார். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். ரிப்பனை வெட்டினார். கத்தரிக்கோல் முடிச்சில் சிக்கிக்கொண்டது, இரண்டு பேர் இழுத்துப் பிடித்தார்கள். கன்னியம்மா அன்றைய ஊசிக்கு வந்து பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வெளியே போனால்தான் புடவையைத் தளர்த்துவேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே விழா சட்டென்று அடுத்த தெருவில் இருந்த மாமு வீட்டுக்கு நகர்ந்தது.

மாமி ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டே திட்டமிட்ட பிரியாணி. எம்.எல்.ஏ. நன்றாகச் சாப்பிட்டார். மாமு பக்கத்தில் நின்று பரிமாறினார். என்னைக் கூப்பிட்டு, “அண்ணாத்த, என் தங்கச்சி பொண்ணு. எக்ஸ்சேஞ்சுல கீது” என்றார்.

எம்.எல்.ஏ. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நீதானாம்மா அது? நல்லா மாட்டிவுட்டியே. பாய் மொத தபா போன் போட்டப்பவே எனுக்குத் தெரியும், இன்னாவோ கேக்கத்தான் வந்துகீறாருன்னு. காதுல வுழுந்துட்டா செஞ்சாவணும் இல்ல? அதான் மூட்டுவலி, மழைன்னு ஓட்டிகினு இருந்தேன். மூணு நிமிஷம்தானே. பாயும் கேக்கமாட்டாரு. நீ நடுவுல பூந்து சொல்லிட்ட, சாட்சியும் ஆயிட்ட. அப்பறம் நான் இன்னா பண்றது?”

நல்ல வேடிக்கையைச் சொன்னவர் போல எல்லோரையும் பார்த்தார். பந்தியில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வாரமாக மாமுவைத்தான் நான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன்.

மாமு கரண்டியைத் தட்டில் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மரியாதையாகக் குனிந்து, எம்.எல்.ஏ.வின் முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சொன்னார்.

“அவன் பேரு முருகேசன், அண்ணாத்த. நம்ம ரெண்டாவது தபா பேசுனப்ப உசுரோட இருந்தான்.”

எம்.எல்.ஏ.வின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. சுகாதார நிலையத்துப் பக்கமிருந்து, கம்பவுண்டரைக் கன்னியம்மா கெட்ட வார்த்தையில் திட்டுவது கேட்டது. மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.